கணினி கண்விழிக்கும் வேளையில்

கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, கடவுச்சொல் கேட்கும் கட்டம் திரையில் தோன்றும் வரையில் நாம் பொறுமையோடு காத்திருக்கின்றோம். சிலர் அவ்விடைவெளியில் தேநீர் அருந்துவர். சிலர் அருகிலிருப்பாரோடு அளவளாவுவர். கணினி இன்னும் உறங்குகின்றது, நாம் கடவுச்சொல்லை இட்ட பின்னரே அது தன் தொழிலைத் தொடங்கும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் தவறானது. அக்கட்டம் தோன்றுவதற்கு முன்னரே கணினி விழித்துவிட்டது. கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ வெளியுலகத்தோடு பேசவும் தொடங்கிவிட்டது. அங்ஙனமாயின், உரிமையாளர் உள்ளே நுழையாத அவ்வேளையில் வீட்டின் வாயிலைக் காப்பவர் யாவர்? இவ்வொரு வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா வீண் வினாவன்று. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், விண்டோஸ் எக்ஸ்.பி. என்னும் இயங்குதளத்தைக் கொண்ட கணினிகள் உலகின் பல நாடுகளிலும் ஒரு விந்தையான நோய்க்கு ஆளாயின. கணினி எழும், சிறிது நேரம் ஒழுங்காக இயங்கும், பின்னர்த் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றி, இன்னும் 60 விநாடிகளில் இவ்வியந்திரம் நின்றுவிடும் என அறிவித்து, ஒவ்வொன்றாய்க் குறைத்து எண்ணத் தொடங்கும். எண்ணிக்கை முடிந்ததும் கணினி அணைந்து மீண்டும் எழும்; எழுந்த சிறிது நேரத்தில் மீண்டும் அதே பெட்டி. அதன் உரிமையாளர் ஐயத்திற்குரிய கோப்பு எதனையும் திறந்திலர். தீய மின்னஞ்சல் எதனையும் பெற்றிலர். இணையத்தோடு இணைந்திருந்தது ஒன்றே அவர் செய்த குற்றம். இந்நோயின் காரணத்தையும் மருந்தையும் அறிவோமாயின், தீயரண் என்னும் மென்பொருளின் இயல்பும், அஃது எப்பொழுது காவலுக்கு வரவேண்டும் என்பதும் தாமே விளங்கும்.

முதற்கண், பொத்தானை அழுத்திய பின் கணினியினுள் நிகழ்வன யாவை எனக் காண்போம். தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பெற்ற சிறு நிரலொன்று முதலில் எழுகின்றது. பழைய கணினிகளில் இதனைப் பயாஸ் என்றும், இக்காலத்தனவற்றில் யு.இ.எப்.ஐ. என்றும் வழங்குவர். அது நினைவகம், வட்டு, விசைப்பலகை முதலிய உறுப்புக்கள் உளவா எனச் சோதித்துப் பார்த்து, இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றது. அந்நிரல், இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியாகிய கெர்னல் என்பதனை வட்டிலிருந்து நினைவகத்திற்குக் கொணர்கின்றது. கெர்னல் எழுந்ததும் டிரைவர்கள் எனப்படும் சிறு நிரல்களைத் தட்டியெழுப்புகின்றது. வட்டுக்கு ஒரு டிரைவர், திரைக்கு ஒரு டிரைவர், வலையமைப்பு அட்டைக்கு ஒரு டிரைவர் என இவை பலவாம். டிரைவர்களுக்குப் பின்னர் எழுவன சர்வீஸ்கள். இவை திரையில் முகங்காட்டாது பின்னணியில் நின்று தொண்டு புரியும் நிரல்கள். இவற்றிற் பல எழுந்த பின்னரே கடவுச்சொல் கேட்கும் கட்டம் தோன்றும். நாம் உள்ளே நுழைந்த பிறகு, நமக்கெனக் குறிக்கப்பட்ட நிரல்கள் இறுதியாக வந்து சேரும். டிரைவர், சர்வீஸ், நம் நிரல் என்னும் இவ்வரிசையை அன்பர்கள் மனத்திற் பதித்துக்கொள்வாராக. இனிக் கூறப்போவன யாவும் இதனையே பற்றி நிற்கும்.

இனி, வெளியுலகத்தோடு பேசுதல் என்பது யாது? இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. செய்திகள் யாவும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, விடுப்பவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் மேலே பொறிக்கப்பட்டுச் செல்கின்றன. ஆயின் முகவரி மட்டும் போதாது. ஒரே கணினியில் மின்னஞ்சல், இணையப் பக்கம், கோப்புப் பகிர்வு எனப் பல அலுவல்கள் ஒருங்கே நடைபெறுதலின், பொட்டலம் எந்த அலுவலுக்கு உரியது என்பதைக் காட்ட மற்றோர் எண்ணும் வேண்டும். இதனைப் போர்ட் என்பர். வாயில் என்றே நாம் கொள்ளலாம். இவ்வாயில்களின் எண்கள் 65,535 வரை செல்லும். இவற்றில் எந்த வாயிலின் பின்னே ஒரு சர்வீஸ் செவிசாய்த்து அமர்ந்திருக்கின்றதோ, அந்த வாயிலே திறந்த வாயில். ஏனையவற்றைத் தட்டினால் உள்ளிருந்து மறுப்பே வரும். விண்டோஸ் கணினிகளில் 135-ஆம் வாயிலும் 445-ஆம் வாயிலும், ஒரே அலுவலகத்துக் கணினிகள் தம்முள் உரையாடுதற்பொருட்டும் கோப்புக்களைப் பகிர்ந்துகொள்ளுதற்பொருட்டும் ஏற்பட்டவை. நண்பருக்கென வைத்த அவ்வாயில்களைக் கள்வரும் தட்டலாம் என்பதே இடர்ப்பாடு.

இவ்விடரைத் தடுக்க எழுந்ததே ஆங்கிலத்தில் பயர்வால் எனப்படும் தீயரண். தீச்சுவர் என்று சொல்வாரும் உளர். நெருங்கிய கட்டடங்களில் ஓரிடத்துப் பற்றிய தீ அடுத்த இடத்திற்குப் பரவாதபடி இடையே எழுப்பும் தடித்த சுவரின் பெயரே இதற்கு ஆகிவந்தது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் மாரிஸ் புழு என்னும் நிரல் இணையத்தில் விடப்பட்டுத் தானே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிப் பரவியது. அன்று இணையத்தில் இருந்த கணினிகளுள் சுமார் 6,000 அதற்கு இரையாயின என்று மதிப்பிட்டனர். அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, வருவார் போவாரை ஆராயாது கதவைத் திறந்துவைத்தல் தகாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1994-ஆம் ஆண்டில் வில்லியம் செஸ்விக், ஸ்டீவன் பெல்லோவின் என்னும் அறிஞர் இருவர் தீயரண்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டனர். முதலில் நிறுவனங்களின் தலைவாயிலில் மட்டுமே நிறுத்தப்பெற்ற இக்காவல், பிற்பாடு ஒவ்வொரு கணினியின் உள்ளேயும் மென்பொருள் வடிவில் இடம் பெற்றது.

தீயரணின் தொழில் மிக எளிமையானது. பொட்டலம் ஒன்று வந்ததும், அது யாரிடமிருந்து வருகின்றது, எந்த வாயிலை நாடுகின்றது என்று மேலுறையைப் படித்து, தன்னிடமுள்ள விதிகளோடு ஒப்பிட்டு, உள்ளே விடும் அல்லது தள்ளிவிடும். இக்காலத் தீயரண்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று நினைவாற்றலும் உடையவாய் விளங்குகின்றன. நாம் ஓர் இணையப் பக்கத்தை வேண்டிக் கடிதம் விடுத்தோமாயின், அதனைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு வரும் மறுமொழியை மட்டும் உள்ளே விடும். நாம் கேளாதிருக்கத் தானே வரும் பொட்டலத்தைத் தடுத்து நிறுத்தும். மாணவர் விடுதியின் வாயிற்காவலர், வெளியே சென்ற மாணவரின் பெயரை ஏட்டில் எழுதி வைத்து, திரும்பி வரும்போது அவரை மட்டும் உள்ளே விட்டு, பெயரில்லாதாரை நிறுத்தி வினவுவது போன்றது இது.

இங்கேதான் நம் வினா எழுகின்றது. அவ்வாயிற்காவலர் எவ்வளவு திறமையுடையவராயினும், விடுதியின் கதவு காலை 5 மணிக்குத் திறக்கப்பட, அவர் 6 மணிக்கே வருவாராயின் பயன் என்ன? கணினியிலும் இத்தகைய ஒரு முறைகேடு இருந்தது. வலையமைப்பு அட்டையையும், பொட்டலங்களைப் பிரித்துச் சேர்க்கும் டி.சி.பி./ஐ.பி. என்னும் பகுதியையும் இயக்குபவை டிரைவர்கள். ஆதலின் அவை முன்னரே எழுந்துவிடுகின்றன. தீயரணின் விதிகளைப் படித்து நடைமுறைக்குக் கொணர்வதோ ஒரு சர்வீஸ். அது பின்னரே எழுகின்றது. கதவு திறந்தது முதல் காவலர் வந்தது வரை உள்ள அவ்விடைவெளி சில விநாடிகளே ஆகலாம். மெதுவான கணினிகளில் இன்னும் நீளலாம். ஆயினும் ஒரு பொட்டலம் உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வர ஒரு விநாடியின் சிறு பகுதியே போதும். மனிதனுக்குக் கண்ணிமைக்கும் பொழுது, கணினிக்கு நெடும்பொழுது என்பதை மறத்தலாகாது.

2001-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இவ்விடைவெளி இருந்தது. அதனினும் பெரிய குறை வேறொன்றும் இருந்தது. அதனுள் ஒரு தீயரண் வைக்கப்பட்டிருந்தும், அது வாங்கியபோதே இயங்கும் நிலையில் இல்லை. உரிமையாளர் தாமே தேடிக் கண்டுபிடித்து இயக்கினாலன்றி அது வாளா கிடந்தது. அங்ஙனம் இயக்கியவர்க்கும் முற்கூறிய இடைவெளி நீங்கிற்றில்லை.

இத்தகைய நிலையில், 135-ஆம் வாயிலின் பின்னே அமர்ந்திருந்த ஆர்.பி.சி. என்னும் சர்வீஸில் ஒரு பிழை இருப்பதைப் போலந்து நாட்டு ஆராய்ச்சிக் குழுவொன்று கண்டறிந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அளவுக்கு மீறிய நீளமுள்ள பெயரை எழுதி அனுப்பினால், அது தனக்கு வகுத்த எல்லையைக் கடந்து வழிந்து, கணினியின் கட்டளைகளையே மாற்றிவிடக் கூடியதாய் இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் இதற்குரிய திருத்தத்தை வெளியிட்டது. அதனைத் தம் கணினியில் ஏற்றாது விட்டவர் எண்ணிறந்தோர். ஆகஸ்டு 11-ஆம் நாள் பிளாஸ்டர் என்னும் புழு புறப்பட்டது. இடையில் கழிந்தவை 26 நாட்களே. அப்புழு, எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே சென்று ஒவ்வொரு முகவரியின் 135-ஆம் வாயிலையும் தட்டிப் பார்த்தது; திருத்தப்படாத கணினி அகப்பட்டால் உள்ளே நுழைந்து, தன்னைப் போன்ற மற்றொரு பிரதியை அங்கே நிறுவி, அதனையும் இதே தொழிலில் ஏவிற்று. இத்தாக்குதலால் ஆர்.பி.சி. சர்வீஸ் நிலைகுலைந்து வீழும். அது வீழ்ந்தால் கணினியையே நிறுத்தி மீண்டும் தொடங்குக என்பது எக்ஸ்.பி.யின் ஏற்பாடு. மேற்கூறிய 60 விநாடிப் பெட்டியின் காரணம் இதுவே.

நோயுற்ற கணினிக்கு மருந்து இணையத்தில் இருந்தது. அம்மருந்தைப் பெற இணையத்தோடு இணைதல் வேண்டும். இணைந்த சிறிது நேரத்தில் புழு மீண்டும் தட்டும். மருந்து வந்து சேருமுன் பெட்டி தோன்றிக் கணினி அணையும். வட்டைத் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியவர்களும் இதே துன்பத்தை எய்தினர். புதிதாக நிறுவிய இயங்குதளத்தில் பழைய பிழை அப்படியே இருந்ததன்றோ? 2004-ஆம் ஆண்டில் சான்ஸ் நிறுவனத்தார், திருத்தம் பெறாத ஒரு விண்டோஸ் கணினி இணையத்தில் வெளிப்படையாக நிற்குமாயின் தாக்குதலுக்கு ஆளாகச் சராசரியாகச் சுமார் 20 நிமிஷங்களே பிடிக்கும் எனக் கணித்தனர். தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்திருந்தவர்களுக்குத் திருத்தங்கள் முழுவதையும் இறக்கிக்கொள்ள அதனினும் நெடுநேரம் வேண்டியிருந்தது. ஆகவே, கணினியை இணைத்த முதல் நிமிஷங்களே மிகுந்த அபாயமுடையவை என்பது அனுபவத்தால் நிலைநாட்டப்பட்டது.

அவ்வாண்டு ஏப்ரில் 30-ஆம் நாள் சாசர் என்னும் மற்றொரு புழு தோன்றியது. அது நாடியது 445-ஆம் வாயில். அதற்கான திருத்தம் ஏப்ரில் 13-ஆம் நாளே வெளியாகியிருந்தது. இம்முறை இடைவெளி 17 நாட்களே. பிரிட்டனின் கடற்காவல் நிலையங்களிற் கணினி வரைபடங்கள் பயன்படாது போகவே, அங்குள்ளார் காகித வரைபடத்தையும் எழுதுகோலையும் எடுத்துத் தம் கடமையைச் செய்தனர். கடலில் இடர்ப்படுவோரைக் காக்கும் பணிக்கே இடையூறு விளைந்தமையால், கணினியின் வாயிற்காவல் விளையாட்டுப் பொருளன்று என்பது யாவர்க்கும் விளங்கிற்று.

2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்.பி.க்கு இரண்டாம் சர்வீஸ் பாக் என்னும் பெருந்திருத்தத் தொகுதியை வெளியிட்டது. அதில் தீயரணைப் பற்றி இரண்டு மாறுதல்கள் சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. ஒன்று, தீயரண் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டது. மற்றொன்று, நம் கட்டுரைப் பொருளாகிய தொடக்கக் காவல். தீயரணின் டிரைவருக்குள்ளேயே மாற்றமுடியாத சில விதிகள் பொதிந்து வைக்கப்பட்டன. சர்வீஸ் எழும் வரையில் அது காத்திராது. வலையமைப்பு எழும்போதே தானும் எழுந்து, அச்சில விதிகளைக் கொண்டு வாயிலைக் காக்கும். சர்வீஸ் எழுந்து முழு விதிகளையும் படித்து நடைமுறைக்குக் கொணர்ந்ததும், தொடக்க விதிகள் விலக்கப்படும். விரிந்த ஏட்டோடு வரும் பகற்காவலர் வந்து சேரும் வரையில், சில கட்டளைகளை மட்டும் அறிந்த விடியற்காவலர் ஒருவரை வாயிலில் நிறுத்தியது போன்றது இது.

அவ்விடியற்காவலருக்கு இட்ட கட்டளைகள் யாவை? கணினி தானே கேட்டதற்கு வரும் மறுமொழியை ஏற்றுக்கொள்க; பிறர் தாமே வந்து தட்டினால் திறவாதே; இவ்வளவே. கேட்பதற்கு அனுமதிக்கப்பட்டவையும் மிகச் சில. டி.எச்.சி.பி. என்னும் முறையால் தனக்கொரு முகவரி வேண்டுதல் ஒன்று. டி.என்.எஸ். என்னும் முறையால் ஒரு பெயருக்குரிய முகவரியை வினவுதல் இரண்டு. அலுவலகக் கணினியாயின், அங்குள்ள தலைமைக் கணினியை அணுகித் தனக்குரிய நெறிமுறைகளைப் பெறுதல் மூன்று.

எல்லாவற்றையும் அடியோடு தடுத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பன்றோ என்று ஒருவர் வினவலாம். அங்ஙனம் செய்தற்கு இயலாமைக்குத் தக்க காரணம் உண்டு. பெரிய நிறுவனங்களில் தீயரணின் முழு விதிகளே தலைமைக் கணினியிலிருந்து வலையமைப்பின் வழியாக வருவன. வலையமைப்பை முற்றும் மூடிவிட்டால் விதிகள் வாரா. விதிகள் வாராவிடில் வலையமைப்பைத் திறத்தல் இயலாது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். அதனால், சாவியைக் கொண்டுவரும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு துளை விட்டு, மற்றெல்லாம் அடைக்கப்பட்டன.

அவ்விதிகளை உரிமையாளர் மாற்ற முடியாதபடி வைத்ததற்கும் காரணம் உண்டு. தொடக்க வேளையில் கணினியின் பகுதிகள் பலவும் இன்னும் எழுந்தில. நீண்ட பட்டியலைத் தேடிப் படித்தல், எந்த நிரல் பேச விரும்புகின்றது என ஆராய்தல் முதலியன அப்பொழுது இயலா. ஆகவே விதிகள் குறுகியனவாயும், எவ்விடத்தும் மாறாதனவாயும், பிறிதொன்றின் உதவியை வேண்டாதனவாயும் இருத்தல் நலம். காவல் எவ்வளவு முன்னதாக எழவேண்டுமோ அவ்வளவுக்கு அது எளிதாய் இருத்தல் வேண்டும் என்னும் பொதுவுண்மையை இதிலிருந்து அறியலாம்.

இனி, விடியற்காவலர் விலகிப் பகற்காவலர் நிற்கும் அந்த மாறுதல் வேளையைக் கவனிப்போம். முன்னவர் போன பின் பின்னவர் வருவாராயின், அடைத்த துளை வேறோரிடத்தில் மீண்டும் தோன்றும். 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலும், அதன் பின் வந்தவற்றிலும், வடிகட்டுதல் முழுவதும் புதிய அடித்தளத்தின்மேல் அமைக்கப்பட்டது. அதில் விதிகள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. டி.சி.பி./ஐ.பி. டிரைவர் எழும்போதே நடைமுறைக்கு வருவன தொடக்க விதிகள். வடிகட்டும் சர்வீஸ் எழுந்ததும் அவற்றின் இடத்தைப் பெறுவன நிலைத்த விதிகள். பழையன நீங்குதலும் புதியன நிற்றலும் ஒரே செயலாக, பிளவுபடாத ஒரு மாற்றமாக நிகழும்படி வகுத்திருக்கின்றனர். ஒரு கணமேனும் இரண்டும் இல்லாத நிலை உண்டாவதில்லை.

பிற இயங்குதளங்களும் இவ்வினாவுக்குத் தத்தம் முறையில் விடை கண்டுள்ளன. லினக்ஸில் பொட்டலங்களை வடிகட்டும் பகுதி கெர்னலின் உள்ளேயே இருக்கின்றது. ஆயினும் அதற்குரிய விதிகளை வெளியிலிருந்தே ஏற்றுதல் வேண்டும். ஆகவே எது முன், எது பின் என்னும் வரிசையே அங்கு முதன்மை பெறுகின்றது. இந்நாளைய லினக்ஸ் வகைகளிற் பலவற்றில் தொடக்க வேலைகளை ஒழுங்குபடுத்தும் சிஸ்டம்டி என்னும் நிரல், வலையமைப்புக்கு முந்திய நிலை என ஓர் எல்லைக்கல்லை நாட்டியுள்ளது. தீயரண் விதிகளை ஏற்றும் வேலை அவ்வெல்லைக்கல்லுக்கு முன்னும், வலையமைப்பு அட்டைகளுக்கு உயிரூட்டும் வேலை அதற்குப் பின்னும் நடைபெறும். கணினி அணையும்போது இவ்வரிசை தலைகீழாகும். முதலில் வலையமைப்பு நிற்கும், பின்னரே காவல் விலகும். கதவைச் சாத்திய பின்னன்றோ காவலர் வீடு செல்லல் வேண்டும்?

பாதுகாப்பில் மிகுந்த கருத்துடையாரால் இயற்றப்பெறும் ஓபன்பி.எஸ்.டி. என்னும் இயங்குதளம் மற்றொரு வழியை மேற்கொண்டது. அதில் வலையமைப்பை எழுப்புவதற்கு முன், தற்காலிகமான ஒரு சிறு விதித்தொகுதி ஏற்றப்படும். அதன் முதல் விதி, யாவற்றையும் தடு என்பது. அதன்பின், கணினி தன்னுள் தானே பேசிக்கொள்ளுதல், பெயர் வினவுதல், தொலைவிலிருந்து நிர்வாகி நுழைதல் முதலிய சிலவற்றிற்கே விலக்கு. வலையமைப்பு எழுந்த பின்னர், நிர்வாகி எழுதிவைத்த முழு விதிகள் இதன் இடத்தைப் பெறும். நிர்வாகி எழுதியதில் பிழையிருந்து அது ஏற்றப்படாவிடினும், தடுக்கும் விதியே தொடர்ந்து நிற்கும். காவல் தவறும் வேளையில் கதவு திறந்து கிடத்தல் நன்றோ, மூடிக் கிடத்தல் நன்றோ என்னும் கேள்விக்கு, மூடிக் கிடத்தலே நன்று என்பது இதன் விடை.

இவ்வளவும் இயங்குதளம் இயற்றுவார் செய்தது. பயன்படுத்துவோராகிய நம்மால் இது கெடும் வழியும் ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு விளையாட்டோ, கோப்புப் பகிர்வோ, அச்சுப்பொறியோ இயங்காதபோது, தீயரணை நிறுத்திப் பார் என்று நண்பரொருவர் யோசனை கூறுவார். நாமும் அதனை நிறுத்துவோம், காரியம் கைகூடும், நிறுத்தியதை மறந்துவிடுவோம். சிலர் இன்னும் ஒருபடி சென்று, தீயரணின் சர்வீஸையே எழாதபடி செய்துவிடுவர். எக்ஸ்.பி.யில் அங்ஙனம் செய்தவர்க்குப் பகற்காவல் மட்டுமன்றித் தொடக்கக் காவலும் இல்லாது போயிற்று. இன்றைய விண்டோஸிலும் அந்தச் சர்வீஸை நிறுத்தலாகாது என்றே மைக்ரோசாப்ட் அறிவுறுத்துகின்றது. வேண்டிய நிரல் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு அளிப்பதே முறை. ஒரு விருந்தினர் வருகின்றார் என்பதற்காகக் காவலரை வேலையினின்று நீக்குவாருண்டோ?

மற்றொரு மயக்கமும் நீங்கவேண்டும். திரையின் ஓரத்தில், கடிகாரத்தின் அருகே தோன்றும் கேடயம் போன்ற சிறு சின்னமே தீயரண் எனப் பலர் கருதுகின்றனர். அச்சின்னம் நாம் உள்ளே நுழைந்த பின் எழும் ஒரு நிரலின் அடையாளமேயாம். அது தோன்றத் தாமதித்தால் காவல் இல்லை என்பதுமன்று. அது தோன்றிவிட்டதனால் முதலிலிருந்தே காவல் இருந்தது என்பதுமன்று. விலை கொடுத்து வேறொரு தீயரணை வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி, அது சின்னம் காட்டுமா என்பதன்று. வலையமைப்பு எழும்போதே அதன் டிரைவரும் எழுந்து காக்குமா என்பதே.

தீயரணால் ஆகாதனவும் உள என்பதைக் கூறாது முடித்தல் நேர்மையாகாது. நாமே வேண்டி உள்ளே கொணர்ந்த கேட்டை அது தடாது. மின்னஞ்சலோடு வந்த தீய கோப்பைத் திறந்தாலும், யு.எஸ்.பி. குச்சியிலிருந்து ஏற்றினாலும் அது வாயிலில் நின்று என் செய்யும்? திறந்துவைக்க நாமே அனுமதித்த வாயிலின் பின்னுள்ள பிழையையும் அது திருத்தாது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் உலகைக் கலக்கிய வான்னாக்ரை என்னும் புழு, சாசர் நாடிய அதே 445-ஆம் வாயில் வழியாகவே பரவியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பல அன்று நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அதற்குரிய திருத்தம் மார்ச்சு 14-ஆம் நாளே வெளியாகியிருந்தது. காவலும் வேண்டும், வீட்டின் சுவரிலுள்ள விரிசலையும் அவ்வப்போது பூசுதல் வேண்டும்.

இந்நாளில் வீடுகளில் ரௌட்டர் என்னும் கருவியின் பின்னே நம் கணினிகள் நிற்கின்றன. கேளாது வரும் பொட்டலங்கள் பெரும்பாலும் அதனிடத்தே நின்றுவிடுதலால், 2003-ஆம் ஆண்டின் துன்பம் அவ்வளவாக நம்மை எய்துவதில்லை. இதனை எண்ணிக் கணினியின் சொந்தத் தீயரண் மிகையெனக் கொள்ளுதல் தவறு. மாணவர் விடுதியிலும், நூல்நிலையத்திலும், புகைவண்டி நிலையத்திலும் ஒரே வலையமைப்பில் நூற்றுக்கணக்கானோர் இணைகின்றனர். அங்கே கள்வன் ரௌட்டருக்கு வெளியே இல்லை. நம்மோடு உள்ளேயே இருக்கக்கூடும். நோயுற்ற நண்பரின் கணினியே, அவர் அறியாமலே, நம் கணினி எழும் தருணத்தில் வந்து தட்டலாம்.

ஆதலின் நாம் செய்யற்பாலன மிகச் சிலவே. இயங்குதளத்தோடு வந்த தீயரணை நிறுத்தாது வைத்திருத்தல் வேண்டும். முன்னர் என்றேனும் நிறுத்தியிருப்பின் இன்றே மீண்டும் இயக்குதல் வேண்டும். திருத்தங்கள் வந்தால் நாளை நாளை என ஒத்திவையாது ஏற்றுதல் வேண்டும். ஆதரவு நின்றுபோன இயங்குதளங்களை இணையத்தில் இணையாதிருத்தல் வேண்டும், எக்ஸ்.பி.க்குரிய ஆதரவு 2014-ஆம் ஆண்டு ஏப்ரில் 8-ஆம் நாளோடு நின்றுவிட்டது. புதிதாக இயங்குதளம் நிறுவுங்கால், தீயரண் இயங்குகின்றது என்பது உறுதியாகும் வரையில் பொதுவலையமைப்புக்களை நாடாதிருத்தல் நன்று.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அணையின் உயரத்தையும் வலிமையையும் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகின்றோம். முன் என்னும் சொல்லின் அருமையைக் கருதுவதில்லை. பிளாஸ்டர் புழு தாக்கிய நாளில் எக்ஸ்.பி.யில் தீயரண் இல்லாமலில்லை. உரிய வேளையில் உரிய இடத்தில் நின்றிலது, அவ்வளவே. நாளைக் காலையில் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையை நோக்கிக் காத்திருக்கும் அச்சில விநாடிகளில், நம் கண்ணுக்குப் புலனாகாத அவ்விடியற்காவலர் எழுந்து வாயிலில் நிற்கின்றார் என்பதை நினைவுகூர்வோமாக. அவரை வேலையினின்று நீக்காதிருப்போமாக.